குறைந்த செலவில் சத்தான சாப்பாடு: கட்டுப்பாட்டு விலைப் பொருள்கள் மட்டும் போதாது

ஒரு கிலோ உள்நாட்டு வெள்ளை அரிசி 2 வெள்ளி 60 காசு. ஒரு கிலோ சீனி 2 வெள்ளி 85 காசு. ஒரு கிலோ பொட்டல எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. ஒரு கிலோ கோதுமை மாவு 1 வெள்ளி 35 காசு. தீபகற்ப மலேசியாவில் அரசாங்கம் விலையைப் பிடித்து வைத்திருக்கும் முக்கியச் சமையல் பொருள்கள் இவை. மாதக் கடைசியில் கையில் காசு குறையும்போது நம் குடும்பங்கள் இந்த நான்கின் பக்கம்தான் ஒதுங்குகின்றன. அதில் தவறு சொல்ல முடியாது. பசிக்கு அதுதான் கைகொடுக்கிறது.

ஆனால் இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள். மாவுச்சத்து, இனிப்பு, கொழுப்பு. புரதம் கொஞ்சம், காய், கீரை அறவே இல்லை. புரதம் தரும் பொருள்களின் நிலை வேறு. கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1ஆம் தேதி நீங்கின. முட்டைக்கு 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி நீங்கியது. மீனும் காய்கறியும் பெரும்பாலும் சந்தை சொல்கிற விலைதான். ஆகவே விலைப் பட்டியலில் மலிவாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால், வயிறு நிறையும். உடம்புக்கு வேண்டியது வந்து சேராது.

இது நம் சமூகத்திற்கு வெறும் சமையல் குறிப்பு அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர். இத்தகைய ஆய்வுகளை இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தாம் தொடர்ந்து முன்னால் நிற்கிறார்கள். பிள்ளைகளின் நிலையும் கவலைக்குரியது. கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் நடத்திய ஆய்வை யுனிசெஃப் 2018இல் வெளியிட்டது. அங்குள்ள சிறுபிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 23 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். ஒரே மாடியில், சில நேரம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன. சத்தான சாப்பாடு சமைக்க விலைவாசி தடையாக இருக்கிறது என்று அந்த ஆய்வில் நூற்றுக்கு 97 குடும்பங்கள் சொல்லியிருந்தன.

அந்தக் குடும்பங்கள் சொன்னது உண்மைதான். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பள்ளிச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில் சமைக்கச் சொல்வது எளிது, செய்வது கடினம். அதனால் ஓட்ஸ் வாங்குங்கள், ஒலிவ எண்ணெய் வாங்குங்கள் என்று இந்தக் கட்டுரை சொல்லாது. இப்போது செலவாகும் அதே காசை வேறு பொருளுக்கு எப்படித் திருப்புவது என்பதுதான் இங்கே கணக்கு.

காசு எங்கே போகிறது

பலசரக்குக் கடைக் கடனை 555 புத்தகத்தில் எழுதி வைத்த காலத்தில், மாதக் கடைசியில் புத்தகத்தைத் திறந்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இன்று தொலைபேசியிலேயே காசு கட்டிவிடுகிறோம். எங்கே போனது என்று தெரிவதில்லை. ஒரே ஒரு மாதம், வீட்டுக்கு வெளியே குடித்ததையும் தின்றதையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

தே தாரிக் ஒன்று 2 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மாதத்தில் 26 வேலை நாள். 104 வெள்ளி. இது ஒருவருக்கு மட்டும். வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இருவர் என்றால் 208 வெள்ளி. தே தாரிக்கை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் விடப் போவதில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் எடுத்துப் போனால் ஆளுக்கு 52 வெள்ளி கையில் நிற்கும். தேத்தூளுக்கும் பாலுக்கும் சில வெள்ளி போனாலும், ஒரு குடும்பத்தின் ஒரு மாத முட்டைச் செலவில் பெரும் பங்கை அது தாங்கும்.

வீட்டுத் தேநீரிலும் ஒரு கணக்கு உண்டு. நான்கு பேர், நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் நாளுக்கு 120 கிராம், மாதத்துக்கு 3.6 கிலோ. விலை 10 வெள்ளி 26 காசு. பாதியாகக் குறைத்தால் மிச்சம் 5 வெள்ளிதான். சீனியைக் குறைப்பதில் பெரிய சேமிப்பு இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சீனி மலிவாக இருப்பதுதான் அதன் ஆபத்து. பணப்பை வலிக்காததால் கை நிற்பதில்லை. மேற்சொன்ன கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் சீனி தேநீரிலேயே உள்ளே போய்விடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஏறக்குறைய 50 கிராமை உச்ச வரம்பாகவும், 25 கிராமுக்குள் இருப்பதை இன்னும் நல்லதாகவும் சொல்கிறது. அந்த வரம்பில் குளிர்பானம், பிஸ்கட், கேக் எல்லாம் சேர்த்தி.

இனி டின் பால். நம் வீடுகளில் பால் என்று சொல்லி வாங்கும் இனிப்பு டின்களில் பெரும்பாலானவற்றின் மேல் 'கிரிமெர்' என்று எழுதியிருப்பதைக் கவனித்ததுண்டா? அது பால் அல்ல. செம்பனை எண்ணெயும் சீனியும் கொஞ்சம் பால் பொருளும் கலந்தது. எடையில் ஏறக்குறைய பாதி சீனி. பெரியவர்கள் தேநீருக்கு ஊற்றிக்கொள்வது ஒரு புறம் இருக்கட்டும். தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குப் பாலாகக் கொடுப்பதை இன்றும் காண முடிகிறது. அதில் குழந்தையின் எலும்புக்கும் தசைக்கும் போதிய சத்து இல்லை. பால் வாங்க முடிகிற மாதத்தில் சாதாரண முழுப் பால் மாவு வாங்குங்கள். முடியாத மாதத்தில் அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலோ, மருத்துவர் சொல்லும் குழந்தைப் பால் மாவோதான்.

பருப்பு முதலில்

புரதம் என்றால் கோழி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. ஒரு கிலோ பருப்பில் ஏறக்குறைய 220 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். அதாவது ஒரு கிலோ பருப்பின் புரதத்துக்கு ஏறக்குறைய 37 முட்டை வேண்டும். முழுக் கோழி ஒரு கிலோ வாங்கினால் எலும்பும் தோலும் போக மிஞ்சும் இறைச்சியில் அந்த அளவு புரதம் வராது. பருப்புப் புரதத்தில் உள்ள சிறு குறையைச் சோறு ஈடு செய்கிறது. சோற்றில் உள்ள குறையைப் பருப்பு ஈடு செய்கிறது. பருப்பும் சோறும் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் சும்மா வந்ததில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. பருப்பு பானையில் இருக்க வேண்டும். காசு இறுகும்போது முதலில் மெலிவது சாம்பார்தான். ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டு ஒரு பானைத் தண்ணீர் ஊற்றினால் அது பருப்புக் குழம்பின் நிறம் கொண்ட தண்ணீர். நான்கு பேர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 250 கிராம் பருப்பு என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 13, 14 கிராம் புரதம் வந்துவிடும். ஒருவரின் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 முதல் 60 கிராம். பருப்பில் 13 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு நடுத்தர மீனில் 20 கிராம், மீதி சோற்றிலும் காயிலும். கோழி இல்லாமலே கணக்கு முடிந்துவிடுகிறது.

கடையில் 'டால்' என்று கேட்டால் கிடைக்கும் ஆஸ்திரேலியப் பருப்பு பெரும்பாலும் துவரம் பருப்பைவிட மலிவு. புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே சீக்கிரம் வேகும், எரிவாயு மிச்சம். பச்சைப் பயறு, கொண்டைக்கடலை, தட்டைப் பயறு ஆகியவற்றை இரவே ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் அழுத்தக் குக்கரில் வேகவைத்துச் சிறு சிறு பொட்டலமாகக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் உறையவைத்தால் வார நாள்களில் பிரட்டல் பத்து நிமிட வேலை. 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26 வெள்ளி 60 காசு. குக்கர் இருக்கும் வீட்டில் அது கூடுதல் நாள் வரும் என்பதை இல்லத்தரசிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தெம்பே பற்றிக் கொஞ்சம். ஜாவாவிலிருந்து வந்த இந்தச் சோயா உணவு நம் சமையலறையில் எப்போதோ குடியேறிவிட்டது. 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம். சைவக் குடும்பங்களுக்கு இதைப் போல மலிவான துணை வேறில்லை. குறை ஒன்றுதான்: நாம் அதை எண்ணெயில் முறுகப் பொரித்துவிடுகிறோம். தெம்பே எண்ணெயை நன்றாகக் குடிக்கும். வேகவைத்துப் பின் கொஞ்சம் எண்ணெயில் மசாலாவோடு பிரட்டினால் சுவை குறைவதில்லை. தௌஃபுவும் இப்படித்தான்.

முட்டை விலை இப்போது கடைக்குக் கடை மாறுகிறது. கட்டுப்பாடு நீங்குவதற்கு முன் ஏ தரம் 42 காசு, சி தரம் 38 காசு என்று இருந்தது. தரம் என்பது அளவைக் குறிப்பதே தவிர சத்தை அல்ல. சி தர முட்டை மட்டமான முட்டை என்று நினைத்து ஏ தரத்துக்கு அதிகம் கொடுப்பவர்கள் நிறைய. குழம்பில் போடும் முட்டைக்கு சி தரமே போதும்.

மீனில் பெரிதைத் தேடாதீர்கள். கெம்போங் மீன், அதாவது நம் கானாங்கெளுத்தி, செலாயாங், செஞ்சாரு, மத்தி ஆகியவை கடல் கொழுப்பமிலமான ஓமேகா-3 நிறைந்தவை. வெளிநாட்டு சால்மன் துண்டு ஒன்றின் விலைக்கு வீட்டில் எல்லாருக்கும் கெம்போங் வாங்கலாம். நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். உப்பு அதிகம் என்பதால் சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். டின் சார்டினும் முள்ளோடு உண்ணக்கூடியது, கெடாமல் இருக்கும். அதன் குழம்பில் உப்பும் சீனியும் கூடுதல். பாதிக் குழம்பை விட்டுவிட்டு வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். கருவாடு ருசிக்குத்தான், புரதக் கணக்குக்கு அல்ல.

கோழி ஈரல் மலிவு, இரும்புச்சத்து மிகுதி. வாரம் ஒரு முறை போதும். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது; அதில் உள்ள வைட்டமின் ஏ அந்தக் காலத்தில் அளவு மீறக் கூடாது.

கீரைக்குக் காசு வேண்டியதில்லை

என் பாட்டி வளர்ந்த தோட்டத்தில் முருங்கைக் கீரை விலைக்கு வாங்கும் பொருளே அல்ல. லயத்துக்குப் பின்னால் மரம் நிற்கும். யார் வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்வார்கள். காய்கறிப் பாத்தி, கோழி, சில வீட்டில் ஆடு, மாடு. சம்பளம் குறைவாக இருந்தும் தட்டில் பச்சை இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, மக்கள் அடுக்குமாடிக்கு வந்தபோது சம்பளம் கொஞ்சம் கூடியது, பாத்தி போய்விட்டது. முருங்கை இன்று சந்தையில் கட்டுக்கு விலை. தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே இருந்த கஷ்டம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பாத்தி இருந்தது.

இன்னும் தோட்டத்திலோ கம்பத்து வீட்டிலோ இருப்பவர்கள் ஒரு முருங்கைக் கொம்பு நட்டாலே போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. வாங்கிய கங்கோங் கீரையின் அடித்தண்டை எறியாமல் ஒரு குவளைத் தண்ணீரில் வையுங்கள். சில நாளில் வேர்விடும். மண் நிரப்பிய பழைய வாளியில் நட்டால் திரும்பத் திரும்பக் கிள்ளலாம். தண்டுக்கீரை விதை தூவினால் நான்கு வாரத்தில் பறிக்கலாம். வெயில் படும் தாழ்வாரம் வேண்டும், வாளியின் அடியில் ஓட்டை வேண்டும், தண்ணீர் தேங்கிக் கொசு வளரக் கூடாது. டெங்கிக் காய்ச்சலுக்கு அபராதம் கட்டி மிச்சம் பிடிக்க முடியாது.

கீரையில் எது உயர்வு என்று கேட்டால் முருங்கைதான். இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் ஏ எல்லாம் அதில் அதிகம். மரவள்ளிக் கொழுந்து கம்பங்களில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதில் இயற்கையான நச்சுப் பொருள் இருப்பதால் நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும். சாயூர் மானிஸ் கீரையைச் சமைத்துச் சாப்பிடலாம். உடம்பு இளைக்கும் என்று பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்காதீர்கள். 1990களில் தைவானில் அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போனது.

நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு இரத்தச் சோகை இருப்பதாக 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கீரை சாப்பிட்டும் இரத்தம் ஊறவில்லை என்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது. எலுமிச்சை, கொய்யா, தக்காளி போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி அதைச் சேரவைக்கும். கீரைப் பிரட்டலில் அரை எலுமிச்சை பிழிவது இதற்காகத்தான். தேநீர் அதற்கு நேர் எதிர். சாப்பாட்டோடு குடித்தால் இரும்பைத் தடுத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

காய்களில் முட்டைக்கோஸ், பூசணி, கத்தரி, நீட்டுப் பயற்றங்காய், தௌகே ஆகியவை ஆண்டில் பெரும்பாலும் விலை தாங்கக்கூடியவை. தௌகே ஒரு வெள்ளிக்கு வாங்கினாலே ஒரு வேளைக்கு ஆகும். ஆண்டு இறுதி மழைக்காலத்தில் கேமரன் மலைக் காய்கறிகளின் விலை ஏறும். கிழக்குக் கரையில் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போவது குறைவதால் மீனும் ஏறும். அந்த மாதங்களில் தௌகே, பூசணி, முட்டை, டின் சார்டின் பக்கம் சாய்ந்துகொள்வது அறிவு. பழத்துக்கு ஆப்பிள் தேவையில்லை. பப்பாளி, வாழை, கொய்யா மூன்றும் இந்த மண்ணில் விளைபவை. கொய்யாவில் உள்ள வைட்டமின் சி ஆரஞ்சில் உள்ளதைவிட அதிகம்.

சோற்றின் அளவு

சுகாதார அமைச்சு 'சுக்கு-சுக்கு செபாரு' என்று பிரசாரம் செய்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, பாதி காய்கறி பழம். நம் வீட்டுத் தட்டில் பெரும்பாலும் முக்கால் பங்கு சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் காய். ஒரே நாளில் தலைகீழாக மாற்றச் சொன்னால் யாருக்கும் வயிறு நிறையாது. முதலில் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் காயையும் கெட்டிப் பருப்பையும் வையுங்கள்.

காசுக் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் நாளுக்கு ஆளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் மாதத்துக்கு 36 கிலோ. உள்நாட்டு அரிசி விலையில் 93 வெள்ளி 60 காசு. 200 கிராமாகக் குறைத்தால் 24 கிலோ, 62 வெள்ளி 40 காசு. மிச்சம் 31 வெள்ளி 20 காசு. பருப்பு கிலோ 7 வெள்ளி என்று வைத்தாலும் அதில் 4 கிலோ வாங்கலாம். உள்நாட்டு அரிசி கடையில் கிடைக்காமல் விலை கூடிய இறக்குமதி அரிசியை வாங்குபவர்களுக்கு மிச்சம் இன்னும் அதிகம்.

செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் நாள் முழுதும் நின்று கட்டுமான வேலை செய்கிறவருக்கும் இந்த அளவு பொருந்தாது. அவர்கள் உழைப்புக்குச் சோறு வேண்டும். சிக்கல் என்னவென்றால், தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில் சாப்பிட்ட அளவையே, பாதுகாவலர் அறையில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பேரனும் சாப்பிடுகிறார்.

புழுங்கல் அரிசி வெள்ளை அரிசியைவிட இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். விலை கொஞ்சம் கூடுதல். நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் தனியாக வடிக்காமல், குறைந்த அளவில் எல்லாருக்கும் அதையே வடித்தால் கணக்கு சமமாகிவிடும். கேழ்வரகு மாவுக் கூழும் நல்லது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் சீனி போட்டுக் குடித்தால் வந்த வேலை கெட்டது. மோர், சின்ன வெங்காயம் போதும்.

உப்புக்கும் எண்ணெய்க்கும் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவருக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். உடனடி மீ ஒரு பொட்டலத்தின் தூளை முழுதும் போட்டால் நாள் முழுவதற்குமான உப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும். பாதித் தூள் போட்டு ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேருங்கள். எண்ணெயை நேராகப் பொட்டலத்திலிருந்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

எங்கே வாங்குவது, எந்த உதவியைக் கேட்பது

உள்நாட்டு வாணிப அமைச்சின் 'பிரைஸ்கேட்சர்' செயலியில் வட்டாரக் கடைகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமைச்சின் 'ஜுவாலான் ரஹ்மா' விற்பனையில் அடிப்படைப் பொருள்கள் சந்தை விலையைவிட 10 முதல் 30 விழுக்காடு வரை குறைவு. ஃபாமாவின் 'பாசார் தானி' சந்தையில் விவசாயிகளே விற்பதால் கீரையும் மீனும் புதிதாகக் கிடைக்கும். பாசார் மாலாமில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் கீரைக்காரர் விலையை இறக்குவார். ஆனால் அன்றிரவோ மறுநாள் காலையோ சமைத்துவிட வேண்டும். வெயிலில் நாள் முழுதும் கிடந்த மீனை மலிவு என்று வாங்க வேண்டாம்.

தீபாவளியை ஒட்டி அரசாங்கம் பண்டிகைக்கால உச்சவரம்பு விலையை அறிவிக்கும்போது தேங்காய், தக்காளி, பருப்பு போன்றவை அதில் இடம்பெறுவதுண்டு. பருப்பு கெடாத பொருள். அந்த நாள்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கி, காய்ந்த மிளகாய் இரண்டு போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம்.

'சாரா' எனப்படும் அடிப்படை ரஹ்மா உதவித் தொகை உங்கள் மைகார்டிலேயே வரவாகிறது. பதிவு பெற்ற கடையில் அட்டையைக் காட்டி வாங்கலாம். அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, டின் உணவு, மருந்து, பள்ளிப் பொருள் போன்ற வகைகளுக்கு அது செல்லும். பிஸ்கட்டும் உடனடி மீயும் அந்தப் பட்டியலில் இருக்கத்தான் செய்கின்றன. கிடைக்கும் 100 வெள்ளியில் முதலில் முட்டை, பின் சார்டின், பின் அரிசி, எண்ணெய் என்று வரிசை வைத்துக்கொண்டால், கையில் உள்ள ரொக்கத்தைக் கீரைக்கும் மீனுக்கும் பருப்புக்கும் ஒதுக்கலாம். பெயர் இருக்கிறதா என்று தெரியாத முதியவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் மைகார்டு எண்ணைச் சாராவின் இணையத்தளத்தில் பார்த்துச் சொல்வது பிள்ளைகளுக்கு இரண்டு நிமிட வேலை.

தொடக்கப்பள்ளியில் ஆர்எம்தி எனப்படும் கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நடக்கிறது. வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசச் சாப்பாடு. நம் தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று விண்ணப்பிக்காத பெற்றோர் இருக்கிறார்கள். அது பிள்ளைக்கு உரியது, வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். விண்ணப்பிக்க முடியாதவர்கள், கேண்டீன் காசாகக் கொடுக்கும் இரண்டு மூன்று வெள்ளியை ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு போத்தல் தண்ணீர் என்று வீட்டிலிருந்தே கொடுத்து அனுப்பிப் பாருங்கள். வாரம் ஐந்து நாளும் பிள்ளை ஒத்துக்கொள்ளாது. மூன்று நாள் போதும்.

ஏற்கெனவே நோய் உள்ளவர்கள்

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மேலே சொன்ன பருப்பு, கீரை அளவுகளைத் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்குப் புரதமும் கீரையில் உள்ள பொட்டாசியமும் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினால் சர்க்கரை அளவு கீழே இறங்கி மயக்கம் வரலாம்; மருந்தின் அளவையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, மருந்தும் அதற்குள். இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் தருவார். போகும்போது ஒரு வாரம் வீட்டில் என்ன சமைத்தோம், வெளியில் என்ன குடித்தோம் என்று எழுதிய அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தே தாரிக்கையும் மறைக்காமல் எழுதுங்கள்.